அள்ளாமல் விட்ட கல்

வடலூர்ப் பக்கமிருந்து சுரங்கத்துக்குப் போகும் தார்ரோடு மாசி மாதத்தில் பாதி ரோடாகவும் பாதி களமாகவும் இருக்கும். பிடுங்கி உலர்த்திய கொள்ளுச் செடியைக் காலை ஷிப்டு பஸ் வருமுன் குறுக்கே விரித்துவிட்டால் போதும். பஸ், லாரி, ஆபீசர் ஜீப்பு, பால்வண்டி எல்லாம் கூலி கேட்காமல் மிதித்துக் கொடுத்துவிட்டுப் போகும். மாடு கட்டிப் போரடித்தால் மாட்டுக்குத் தீனி வைக்க வேண்டும், ஓட்டுகிறவனுக்குக் கூழ் ஊற்ற வேண்டும். பஸ்ஸுக்கு இரண்டும் வேண்டாம். இவ்வளவு மலிவான வேலையாளை எந்த மண்டிக்காரனும் கண்டதில்லை.

சக்கரத்துக்கு இந்த மரியாதையெல்லாம் மத்தியானம் வரைக்கும்தான். செடியை உதறி, தூசியைப் புடைத்து, மணியைத் தனியாக்கி ரோட்டோரம் காயப்போட்டதும் அதே சக்கரம் ஆகாததாகிவிடும். மணிமேல் ஏறினால் நொறுங்கும், சிதறும். அதனால் காயும் கொள்ளைச் சுற்றிக் கல் வைப்பார்கள். செங்கல், கருங்கல், உடைந்த உரல், யார் வீட்டுக் கொல்லையில் எது கிடைக்கிறதோ அது. காலையில் வா வா என்று கூப்பிட்ட வண்டியைச் சாயங்காலம் கிட்டே வராதே என்று சொல்ல வேறு வழி இல்லை. பனி இறங்குமுன் மணியை அள்ளுவார்கள். தார் வெடிப்பில் ஒட்டிக்கிடக்கும் மணியைக்கூட ஈர்க்குமாறால் கிளறி எடுத்துவிடுவார்கள். கல்லை மட்டும் அள்ளமாட்டார்கள். நாளைக்கும் அதே இடம்தானே என்று அது கிடக்கும்.

ஊருக்கென்று ஒரு பொதுக்களம் இருந்தது உண்டு. சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது அளவைச் சங்கிலிக்குள் அதுவும் போயிற்று. நிலம் போன வீடுகளில் சிலருக்கு வேலை வந்தது. அப்படி வேலைக்குப் போனவன் துரைராஜ். முதலில் கான்ட்ராக்ட், பிறகு பர்மனென்ட். நிலக்கரி ஓடிவரும் பெல்ட்டைப் பழுது பார்க்கிற பிரிவு. மிச்சமிருந்த துண்டு நிலத்தில் அவன் மனைவி கனகம் கொள்ளு விதைப்பாள். வீடு ரோட்டை ஒட்டி இருந்ததால் அவளுக்குக் களம் வாசலிலேயே.

பர்மனென்ட் ஆன கையோடு துரைராஜ் ஒரு ராஜ்தூத் வாங்கினான். ஊரில் அதுவரை மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர் ஒரே ஒருவர், அவன் தாய்மாமன் வேணு. முந்திரித் தரகர். மருமகன் வண்டி வாங்கியதில் அவருக்குப் பெருமையும் இருந்தது, தன்னுடையது பழசாகிப் போனதில் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் இருந்தது.

மைன்ஸுக்குள் துரைராஜ் தலையில் மஞ்சள் ஹெல்மெட் இல்லாமல் ஓரடி எடுத்து வைக்கமாட்டான். வைத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கேட்டைத் தாண்டியதும் அதைக் கழற்றி ஹாண்டில்பாரில் மாட்டிவிடுவான். வாகாகத் தொங்கும், சாயங்காலம் கடையில் வாங்கும் பக்கோடாவைப் போட்டுக்கொண்டு வரவும் தோது. உள்ளே இருக்கிறவரை தலை கம்பெனியின் பொறுப்பு, வெளியே வந்துவிட்டால் சொந்தப் பொறுப்பு என்பது அங்கே எல்லோருக்கும் பொதுவான கணக்கு. கனகம் ஒருமுறை கேட்டுப் பார்த்தாள்.

"ரோட்டுல தலைமேல இன்னாடி வுழப் போவுது? வானமா?" என்றான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இன்னொரு வழக்கமும் அந்த ரோட்டில் இருந்தது. இருட்டில் எதிரே வண்டி வந்தால் விளக்கைத் தாழ்த்த வேண்டும், எல்லோருக்கும் தெரியும். யார் முதலில் தாழ்த்துவது என்பதில்தான் பேரம். நீ இறக்கு, பிறகு நான் இறக்குகிறேன் என்று இரண்டு பேரும் கடைசிவரை விலையைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்தபடி நிற்கிறவர்களுக்காவது விலை படியாவிட்டால் உதறிவிட்டுப் போக இடமிருக்கிறது. ரோட்டில் அந்த இடம் கிடையாது. கண் கூசுகிறவன் ஓரத்துக்கு ஒதுங்குவான். ஓரத்தில் கல் இருக்கும்.

அன்றைக்குத் துரைராஜுக்கு ஜெனரல் ஷிப்டு, இருட்டுகிற நேரத்துக்குத்தான் வீடு திரும்புவான். கனகம் கொள்ளை அள்ளிக் கூடையில் கொட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். காவலுக்கு வைத்திருந்த கற்களில் ஒன்று அம்மியின் பாதி. அவள் மாமியார் இருந்தபோதே நடுவில் பிளந்துபோன அம்மி அது. ஒரு பாதி கொல்லையில் துணி துவைக்கக் கிடந்தது, மறுபாதி ரோட்டுக்கு வந்திருந்தது. அதை எடுத்து வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. மறந்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. மறக்க, அது நினைவில் இருந்திருக்க வேண்டும்.

விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது வெளியே ஒரு சத்தம். தகரக் குண்டானைத் தரையில் போட்டு உருட்டியதுபோல. பிறகு ஒரு பெரிய வண்டி பிரேக் அடித்து நிற்கிற சத்தம். அவள் ஓடி வந்தபோது லாரிக்காரன் இறங்கி, கீழே கிடந்த துரைராஜின்மேல் குனிந்திருந்தான். ராஜ்தூத் வாய்க்காலோரம் சக்கரம் சுற்றியபடி கிடந்தது. மஞ்சள் ஹெல்மெட் ஒரு கீறல்கூட இல்லாமல் நடுரோட்டில் கவிழ்ந்திருந்தது.

லாரிக்காரன் பெயர் பழனிசாமி, சங்ககிரிப் பக்கம். நெல்லிக்குப்பத்தில் சிமென்ட் இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு ஊர் திரும்பிக்கொண்டிருந்தான். பஸ்ஸுக்கோ ஆம்புலன்சுக்கோ காத்திருக்கவில்லை. துரைராஜைத் தோளில் தூக்கிக் கேபினுக்குள் படுக்க வைத்தான். கனகம் ஏறித் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள்.

"கண்ண மூட வுட்றாதீங்க அம்மிணி. பேரச் சொல்லிக் கூப்புட்டுட்டே வாங்க" என்றான்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் வராத பெயர். அடுத்த வீட்டுக்காரியிடம் பேசும்போதுகூட 'எங்க வூட்டுக்காரரு' என்பாளே தவிர அதைச் சொன்னதில்லை. அன்றைக்குச் சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப் ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் அதைச் சொல்லிக்கொண்டே போனாள். முதலில் முனகலாக, பிறகு உரக்க, கடைசியில் அதட்டலாக. லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

மண்டையில் அடி, வலது முழங்கால் நொறுங்கியிருக்கிறது, கண் திறக்கிறவரைக்கும் எதுவும் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். பழனிசாமி அப்போதே கிளம்பியிருக்கலாம். ஆள் பிழைப்பானா என்று தெரிந்துகொண்டு போகலாமென்று வராந்தாவில் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்திருந்தவனைத்தான் ஊர்க்காரர்கள் வந்து பிடித்தார்கள். நிறுத்தாமல் போயிருந்தால் எந்த வண்டி, என்ன நம்பர் என்று ஒருவருக்கும் தெரிந்திருக்காது. நிறுத்திய குற்றத்துக்கு நாலு அடி வாங்கி, சாவியையும் பறிகொடுத்தான். லாரியை ஊருக்கே ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள்.

மறுநாள் காலை கனகத்துக்கு ஆள் வந்தது. ரோட்டில் எஸ்.ஐ. வந்திருக்கிறார், வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ என்று. துரைராஜோடு வேலை செய்யும் கோபாலகிருஷ்ணன் நைட் ஷிப்டு முடித்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். கோவில்பட்டிக்காரர், டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் தனியாக இருப்பவர். "நீங்க போயிட்டு வாங்கம்மா, நான் பாத்துக்கிடுதேன்" என்று கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவள் டவுன் பஸ் பிடித்து ஊர் வந்தாள்.

முந்திரி மரத்தடியில் பழனிசாமி குந்தியிருந்தான். உதடு வீங்கியிருந்தது. தோளில் துரைராஜின் ரத்தம், மார்பில் அவனுடைய ரத்தம். காய்ந்தபிறகு இரண்டும் ஒரே நிறத்தில் இருந்தன. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"முழிச்சாருங்களா?"

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். அதற்குமேல் அவனைப் பேச விடாமல் யாரோ தோளை அழுத்தி உட்கார வைத்தார்கள்.

வேணு மாமா அவளைக் கையமர்த்தி வீட்டோரம் கூட்டிப்போனார். மூட்டையின் வாயில் முழுப் பருப்பும் அடியில் நொறுங்கலும் வைத்துக் கட்டத் தெரிந்த மனுஷன். எந்தப் பேச்சை மேலே வைக்க வேண்டும், எதை அடியில் வைக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அன்றைக்கு அவர் கண்ணில் இருந்த பயம் நிஜமானதுதான்.

"இத பாரு கனகம். நீ ஒண்ணும் பேச வாணாம். லாரி ஒரசிச்சின்னு நாங்க சொல்லிட்டோம். நீ ஆமான்னு தலைய ஆட்டு, போதும்."

"ஒரசலியே மாமா."

"நீ பாத்தியா? வூட்டுக்குள்ளதான இருந்த?"

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"கல்லுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டின்னு வையி, நாளையிலேருந்து ரோட்டுல ஒரு படி கொள்ளு காய வுடமாட்டான். ஊரே உன் வாசல்ல வந்து மண்ண வாரித் தூத்தும். அதுகூடக் கெடக்கட்டும். உன் புருசன் கண்ணு முழிக்கிறான். என்னத் தள்ளினது என் பொண்டாட்டி வெச்ச கல்லுன்னு தெரியுது. அப்புறம் உன் கையால சோறு வாங்கித் திம்பானா அவன்? நொண்டிக் கால வெச்சிகினு தெனம் உன் மொகத்தப் பாத்துகினு கெடப்பானா? நான் என் மருமவனுக்காவப் பேசல. உனக்காவத்தான் பேசிகினு இருக்கேன்."

கனகத்துக்கு ரோட்டில் காயும் கொள்ளோ ஊரின் கோபமோ பெரிதாகப் படவில்லை. கடைசியில் சொன்னது மட்டும் நெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டது. அது நடக்கக்கூடியதுதான். துரைராஜ் கெட்டவன் இல்லை. ஆனாலும் எழுந்து நடக்க முடியாத ஒருவனுக்குக் கோபித்துக்கொள்ள ஒரு ஆள் தேவைப்படும். அந்த ஆள் பக்கத்திலேயே கரண்டியோடு உட்கார்ந்திருந்தால் வசதிதானே.

எஸ்.ஐ. வாய்க்காலோரம் நின்றுகொண்டிருந்தார். விடியுமுன் யாரோ ரோட்டுக் கற்களையெல்லாம் பள்ளத்தில் உருட்டிவிட்டிருந்தார்கள். பொழுது விடிந்து பார்த்தால் அம்மிப் பாதி டயர்க் கறை பட்ட பக்கம் மேலாகக் கிடந்தது. லத்தியால் அதைத் தட்டி, இது யாருடையது என்று கேட்டார். அந்தத் தடத்தில் மூன்று வீட்டுக் கொள்ளு காய்ந்தது. எதுவரை தன்னுடையது என்று விரற்கடைகூட விட்டுக்கொடுக்காமல் முந்தின நாள் சண்டை போட்டவர்கள், இப்போது ரோட்டையே முதல்தடவை பார்க்கிறவர்கள்போல நின்றார்கள்.

அடுத்த வீட்டுக் காந்திமதிதான் கடைசியில் சொன்னாள். "ரோட்டுக் கல்லுங்க. ரோட்டுல எப்பவும் கெடக்கும்."

"அம்மிக்கல்லும்மா இது. உங்க ஊர் ரோட்டுல அம்மி மொளைக்குதா?"

யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். எஸ்.ஐ. கனகத்தின் பக்கம் திரும்பினார். லாரி உரசித்தான் விழுந்தாரா என்றார். வேணு மாமா தொண்டையைச் செருமினார்.

பழனிசாமி அவளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கெஞ்சுகிற பார்வை ஒன்று பார்த்திருந்தால் அவளுக்கு ஒருவேளை எரிச்சல் வந்து தலையை ஆட்டியிருப்பாளோ என்னவோ. அவன் பார்க்காததால் அவன் தோளில் காய்ந்திருந்ததை அவள் பார்க்க வேண்டியதாயிற்று.

"அது எங்க அம்மிங்க" என்றாள். "இன்னொரு பாதி கொல்லையில கெடக்குது, வந்து பாருங்க. நாந்தான் வெச்சேன். கொள்ள வாரிட்டு வரும்போது எடுக்கல."

"லாரி?"

"நான் பாக்கலிங்க. ஆனா ஒரசினவரு ஓடியிருப்பாரு. இவரு தூக்கிகினு வந்தாரு."

எஸ்.ஐ. லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கல்லில் ஒட்டியிருந்த டயர்க் கறுப்பைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். லாரி மோதியது என்றால் அவருக்கும் வேலை சுலபமாக முடிந்திருக்கும், வெளியூர்க்காரன், கேட்க ஆள் கிடையாது. அந்தச் சுலபம் கைநழுவிப்போன சலிப்பு முகத்தில் தெரிந்தது. "உம்மேலயும் எழுத வேண்டி வரும்மா" என்றார். அவள் எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். சாவி யாரிடம் என்று அவர் கேட்க, வேணு மாமா மடியிலிருந்து எடுத்து நீட்டினார். விலை படியாத சரக்கைத் திருப்பிக் கொடுக்கிற முகம்.

"பெரிய ஞாயக்காரி" என்றாள் காந்திமதி, கூட்டம் கலையும்போது அவள் காதில் விழுகிறபடி. "நீ மட்டும் நல்லவ. நாங்கல்லாம் ஊரக் கொல்றவளுங்க."

கனகம் திரும்பிப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வேட்டியும் சோப்பும் எடுத்துக்கொண்டு அவள் வெளியே வந்தபோது பழனிசாமி லாரிக் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தான். டவுன்ஷிப் வழியாகத்தான் போகிறேன், ஏறிக்கொள்ளுங்கள் என்றான். அவள் பஸ்ஸில் போவதாகச் சொன்னாள். அவன் ஏறவில்லை.

"ஒண்ணு சொல்லோணுமுங் அம்மிணி. அவரு மொதல்ல லைட்ட எறக்கட்டும்னு நானும் எறக்காமயே வந்தேனுங்க. எப்பவும் அப்படித்தானுங்க வாரது. அந்த எஸ்.ஐ. ஐயாகிட்டச் சொல்ல எனக்குத் தெகிரியம் வரலீங்க."

அவளுக்கு அவனை ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்லியிருந்தால் தன் பாரத்தில் பாதியாவது அவன் வண்டியில் ஏறிப் போயிருக்கும். அவன் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றான். "போற வழியில எங்கியாச்சும் எறங்கி எதனா சாப்புடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஊர் அவளோடு பேச்சை நிறுத்தியது. மிச்சக் கொள்ளுக் கட்டுகள் கொல்லையிலேயே கிடந்தன, உதற ஒரு கை வரவில்லை. எஸ்.ஐ. வந்து போனதிலிருந்து ரோட்டில் யாரும் விரிக்கவும் இல்லை. அதற்கும் அவள்தான் காரணமானாள். அவளுக்கு அதையெல்லாம் நினைக்க நேரமில்லை. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தாள். வழியெல்லாம் ஒரே யோசனை. கண் திறந்தால் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண் திறக்க வேண்டும், ஆனால் சொல்ல வேண்டும். இரண்டையும் சேர்த்தே வேண்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

துரைராஜ் கண் திறந்தான். முதலில் ஆளைத் தெரியவில்லை, பிறகு தெரிந்தது. பேச்சு குழறலாக வந்து, நாளாக ஆகத் தெளிந்தது. கால் கட்டுப்போட்டுத் தூக்கிக் கட்டப்பட்டிருந்தது. முழங்கால் இனி மடங்காது என்று டாக்டர் அவளிடம் தனியாகச் சொல்லியிருந்தார். பார்க்க வந்த ஷிப்டு ஆட்கள் லாரிக்காரர்களைத் திட்டிவிட்டுப் போனார்கள். வேணு மாமாவும் ஆப்பிளோடு வந்து அதையே சொல்லிவிட்டு, கனகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, வாயை மூடிக்கொண்டிரு என்று அர்த்தம்.

அவர் போனபிறகு அவள் கஞ்சியை ஆற்றி ஊட்டிக்கொண்டிருந்தாள். வார்டில் மத்தியான வெயில் ஜன்னல் வழியாகக் கட்டில் காலில் விழுந்துகொண்டிருந்தது.

"லாரிக்காரன புடிச்சாங்களாமே" என்றான்.

"வுட்டுட்டாங்க."

"ஏன்?"

கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். கையில் எதையாவது வைத்துக்கொண்டு இதைச் சொல்லக் கூடாது என்று தோன்றியது.

"லாரி இல்லிங்க. நம்ம கல்லு. அந்த அம்மிப் பாதி. நாந்தான் வெச்சேன், எடுக்காம வுட்டுட்டேன். எஸ்.ஐ.கிட்டயும் சொல்லிட்டேன்."

அவன் மேலே பார்த்தான். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை, வெள்ளையடித்த மேற்கூரைதான். பக்கத்துக் கட்டில்காரர் இருமிவிட்டுப் புரண்டு படுத்தார். அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டால் எழுந்து வெளியே போய் வராந்தாவில் உட்கார்ந்துகொள்ளலாம், கூப்பிட்டால் வரலாம் என்று நினைத்துக்கொண்டாள். அதற்குமேல் யோசிக்க வரவில்லை.

"கோயிலாண்ட காந்திமதி வூட்டு கல்லு" என்றான் அவன், மேலே பார்த்தபடியே. "வளைவுல மாமாவோடது. நம்ம வாசலாண்ட நம்முது. எல்லாம் எனக்கு அத்துப்படி. தெனம் வண்டிய ஒடிச்சி ஒடிச்சிப் போயிகினு இருந்தேன். நம்முது ரோட்டுல எம்மாந்தூரம் நீட்டிகினு இருந்துச்சின்னு உன்ன வுட எனக்குத்தான் தெரியும். ஒரு நாளு எறங்கித் தள்ளிப் போட்டிருந்தா..."

மூச்சு வாங்கியது. அவள் துண்டால் அவன் வாயோரத்தைத் துடைத்தாள். அவன் தடுக்கவில்லை.

"எறங்கல" என்றான். "அன்னிக்கி லைட்டு கண்ண அடிச்சிது. அவனும் எறக்கல, நானும் எறக்கல."

"அவரும் அதத்தான் சொன்னாரு."

"யாரு?"

"லாரிக்காரரு."

அவன் இப்போதுதான் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"அடிச்சாங்களா அவன?"

"அடிச்சாங்க."

"அவன்தான் இங்க கொணாந்தானா?"

"ஆமா."

பிறகு, வண்டி ஓட்டுகிறவன் இன்னொரு வண்டி ஓட்டுகிறவனைப் பற்றி விசாரிக்கிற குரலில் கேட்டான்.

"நல்லா ஓட்டினானா?"

கனகம் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"பள்ளம் வர்ற எடத்துல எல்லாம் நின்னு நின்னு வண்டிய எறக்கினாரு. உங்க தல என் மடியில ஒரு தரங்கூட ஆடல."